மரிஸ்கால் மலையில் பாதரசம்: டெக்சாஸ் பயணக் குறிப்புகள்

வியாழன்

காலை ஐந்தரைக்கு ஆஸ்டினிலிருந்து கிளம்பிவிட்டோம். வண்டியில் நானும் மாமாவும் மட்டும். மாமா என் மனைவியின் அப்பா. தமிழ்நாட்டில் அரசுப் புவியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்து மேக்னசைட், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்று வெயிலில் திரிந்தே பணிக்காலத்தைக் கழித்தவர். மகளைப் பார்க்க வந்த இடத்தில் கடைகளும் கோயிலும் சீக்கிரமே அலுத்துவிட்டன. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, இந்த டெக்சாஸ்ல பாதரசச் சுரங்கம் இருந்துச்சாமே, போய்ப் பார்க்க முடியுங்களா?" என்றார்.

அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் வெட்டி எடுக்கிற அளவுக்குப் பாதரசத் தாது கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்று கேட்டால் கொடுக்கிற சிவப்புக் கல்லை, அது விளைந்த பாறையிலேயே வைத்து அவர் பார்த்ததில்லை. எனக்கும் மரிஸ்கால் சுரங்கம் இருக்கிற பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு ஒரு முறை போக வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. அத்தை புளியோதரை கட்டிக் கொடுத்து, "அங்க போய் எந்தக் கல்லையும் நாக்குல வச்சுப் பார்க்காதீங்க" என்று மாமாவிடம் சொல்லி அனுப்பினார். களத்தில் கல்லை நக்கிப் பார்ப்பது அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஈரம் பட்டால் நிறமும் மணிகளின் அமைப்பும் தெளிவாகத் தெரியுமாம்.

ஐ-10 நெடுஞ்சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் டீ என்று சொல்லி ஏதோ ஒன்று குடித்தோம். ஆல்பைன் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு 118-ஆம் எண் சாலையில் தெற்கே திரும்பினால் அப்புறம் 80 மைலுக்கு ஊரே கிடையாது. சாலை முடிகிற திசையில் மெக்சிகோ எல்லையும் ரியோ கிராண்டே ஆறும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இதே தூரத்தைக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டிகளில் கடந்திருக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து பாதரசக் குடுவைகள் வடக்கே ரயிலடிக்கு. ரயிலடியிலிருந்து மாவும் இரும்பும் தெற்கே சுரங்கத்துக்கு.

ஸ்டூடி பியூட் கூட்டுச்சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சாலையோரத்திலேயே ஒரு பழைய சுரங்கத்தின் கழிவுக் குவியல் கண்ணில் பட்டது. மாமா, "வண்டியை ஓரங்கட்டுங்க" என்றார். வேலிக்கு வெளியே நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புக்கல் இல்லை. உருகி உறைஞ்ச பாறை" என்றார். ஸ்டூடி பியூட்டில் தாது கிடைத்தது தீப்பாறையின் விரிசல்களில்தான். நாளை பார்க்கப் போகும் டெர்லிங்குவா என்ற பழைய சுரங்க ஊரில் கதை வேறு.

வெள்ளி

கூட்டுச்சாலையிலிருந்து மேற்கே சில மைல் போனால் டெர்லிங்குவா. கூரை இல்லாத கல்வீடுகள் மேட்டின் மேல் சிதறிக் கிடக்கின்றன. சிலவற்றைச் சரிசெய்து மறுபடி ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள். பழைய கம்பெனிக் கடையில் இன்று சுற்றுலாப் பொருள்கள் விற்கிறார்கள். 1930-களில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சினிமாக் கொட்டகை இன்று உணவகம். மேட்டின் உச்சியில் நீண்ட தாழ்வாரத்தோடு முதலாளியின் மாளிகை நிற்கிறது.

அந்த முதலாளியின் பெயர் ஹோவர்ட் பெர்ரி. சிகாகோ தொழிலதிபர். 1903-இல் சிசோஸ் மைனிங் கம்பெனியைத் தொடங்கினார். மாளிகை கட்டினாரே தவிர, இங்கே அதிகம் தங்கவில்லை. தூரத்து நகரங்களில் இருந்தபடி கடிதத்திலும் தந்தியிலும் மேலாளரை விரட்டிக்கொண்டே இருந்தார். அதற்கு முன்பே, 1890-களின் கடைசியில், இங்கிருந்து சுமார் பத்து மைல் மேற்கே மார்ஃபா அண்ட் மரிபோசா என்ற சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. டெர்லிங்குவா என்ற பெயரில் தபால் நிலையம் முதலில் இருந்ததும் அங்கேதான். 1910-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டதும் தபால் நிலையம் பெர்ரியின் முகாமுக்கு மாறியது. ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. 1922 வாக்கில் அமெரிக்காவில் வெட்டிய பாதரசத்தில் 40 சதவீதம் டெர்லிங்குவாவிலிருந்து போனது.

இனி மாமாவின் வகுப்பு. சர்ச் வாசல் நிழலில் உட்கார்ந்து தன் டைரியில் படம் போட்டுக் காட்டினார். அடியில் சான்டா எலெனா என்று பெயர் கொண்ட கெட்டிச் சுண்ணாம்புக்கல், பல நூறு அடி கனம். அதன் மேல் டெல் ரியோ என்கிற களிமண் படிவம். அதற்கு மேல் பூடா சுண்ணாம்புக்கல், அதற்கும் மேல் பலகை பலகையாக உடைகிற பொக்கீயஸ் படிவம். எல்லாமே கிரிட்டேஷியஸ் காலத்துக் கடலடிச் சேறு. ஏறக்குறைய 10 கோடி ஆண்டு வயது. பிறகு, அந்தக் கடல் வற்றி நெடுங்காலம் கழித்து, சில கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரம் முழுக்க எரிமலைக் கொந்தளிப்பு. பாறைக் குழம்பு அடியிலிருந்து ஏறி வந்தபோது கூடவே வெந்நீரும் ஏறி வந்தது. அதில் கரைந்திருந்தது பாதரசம்.

பாதரசம் லேசில் அடங்காத உலோகம். செம்பும் துத்தநாகமும் சூடான ஆழத்திலேயே படிந்துவிடும். இது ஆறிய மேல்மட்டம் வரை ஏறிவிடும். சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களிலும் குகைகளிலும் வெந்நீர் தாராளமாக ஏறியது. களிமண்ணை முட்டியதும் வழி அடைத்துக்கொண்டது. இட்லிப் பானை மூடியில் ஆவி முட்டித் துளி கட்டுகிற மாதிரி, களிமண்ணுக்கு அடியிலேயே பாதரசமும் கந்தகமும் சேர்ந்து சிவப்புத் தாதுவாகப் படிந்தன. சின்னபார் என்று சுரங்கக்காரர்கள் சொல்வது அதைத்தான், நம் சாதிலிங்கம். எடையில் 86 சதவீதம் பாதரசம். மரிபோசா பக்கத்தில் பல தாதுக் கிடைகள் இப்படிக் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சந்திக்கும் மட்டத்தில் இருந்தவை. பெர்ரியின் சுரங்கத்தில் இன்னும் சிக்கல். அடியில் சுண்ணாம்புக் குகைகள் இடிந்து, மேலிருந்த படிவங்கள் உடைந்து உள்ளே சரிந்து, நொறுங்கல் பாறைக் குழாய்களாக நின்றிருந்தன. அந்த இடுக்குகளில் தாது புகுந்திருந்தது. களிமண் மட்டத்தைத் தாண்டி மேலேயும் தாது கிடைக்க இது ஒரு காரணம்.

இந்த வட்டாரத்தைத் தலை முதல் கால் வரை வரைபடமாக்கியவர்கள் யேட்ஸ், தாம்சன் என்ற இருவர். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்துக்காக 1959-இல் வெளியானது அவர்கள் அறிக்கை. மாமா இதைக் கணினியில் இறக்கி வைத்து ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தார். "நாப்பதுகள்ல, கிணத்துக்குள்ள கார்பைடு விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சிருப்பாங்க மாப்பிள்ளை. இப்ப இருக்குற பசங்க டிரோன் இல்லாம வெளியவே வர மாட்டாங்க." எந்தப் பசங்களைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

டெர்லிங்குவாவுக்குக் கனிமவியலில் இன்னொரு பெருமையும் உண்டு. பாதரசத்தோடு குளோரினோ ஆக்சிஜனோ இரண்டுமோ விதவிதமாகக் கலந்த அபூர்வக் கனிமங்கள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இங்கே கிடைத்த கற்களில்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் மோசஸ் 1903-இல் டெர்லிங்குவைட், எக்லஸ்டனைட், மான்ட்ராய்டைட் என்று மூன்றை விவரித்தார். பிறகு வந்த மோசசைட் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. டெர்லிங்குவைட் வெளிச்சம் பட்டால் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். எக்லஸ்டனைட் கறுத்துப்போகும். அருங்காட்சியகங்களில் இவற்றை இருட்டில் பூட்டி வைப்பது அதனால்தான்.

மதியத்துக்கு மேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சாலையோரமாகவே இருக்கிறது. கல்லைக் குவித்து மேலே மரச்சிலுவை நட்ட மேடுகள், பல பெயரே இல்லாதவை. கிட்டத்தட்ட எல்லாரும் மெக்சிகோ தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும். 1910-இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்ததும் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் நிறையப் பேர். கூலி நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு டாலர். சம்பாதித்ததில் பெரும்பகுதி கம்பெனிக் கடைக்கே திரும்பிப் போனது. 1918 விஷக் காய்ச்சலில் செத்தவர்களும் இங்கே படுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும் ஊர் மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

"பாதரச விஷத்துல செத்தவங்க எத்தனை பேரோ" என்றேன். மாமா நிதானமாக விளக்கினார். தாதுவாக இருக்கும்வரை அது அவ்வளவு ஆபத்தில்லை. தண்ணீரில் லேசில் கரையாது. குழிக்குள் இறங்கியவனுக்குப் பாறைத்தூசியும் சரிவும்தான் பெரிய எமன். தாதுவைச் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்கும் உலையடியில் நின்றவன் கதை வேறு. ஆவியை மூச்சோடு இழுத்தால் முதலில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், ஈறு வீங்கும், பல் ஆடும், கை நடுங்கும். அந்த ஆவியை ஆற்றித் துளியாக்கும் குளிரறைகளுக்குள் இறங்கிப் புகைக்கரியைச் சுரண்டியவர்களுக்குத்தான் அதிகப் பாதிப்பு.

சனி

இன்று ஓய்வு நாள் என்று நான் நினைத்திருந்தேன். மாமா ஆறு மணிக்கே ஷூ போட்டுத் தயாராக இருந்தார். சான்டா எலெனா பள்ளத்தாக்குக்குப் போனோம். நேற்று டைரியில் வரைந்த அடிச் சுண்ணாம்புக்கல்லை இங்கே சுவராகப் பார்க்கலாம். ரியோ கிராண்டே அறுத்துப்போன வாயில். இரு பக்கமும் சுமார் 1,500 அடி உயரம். இடது சுவர் மெக்சிகோ, வலது சுவர் அமெரிக்கா. டெர்லிங்குவா ஓடை ஆற்றோடு கலப்பதும் இந்த வாயிலில்தான். நாங்கள் போனபோது கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர்.

1885-இல் இந்த ஓடைக்கரையில் மாடு மேய்த்த ஜேம்ஸ் கில்லெட் என்பவர், இது பெருக்கெடுத்து ஓடியதையும் கரை முழுக்க மரங்கள் நின்றதையும் நீர்நாய் போன்ற பீவர்கள் இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். உலைக்கு விறகும் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையும் தேவைப்பட்டபோது முதலில் விழுந்தவை அந்த மரங்கள். மேய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மரம் தீர்ந்த பிறகு பெர்ரி நிலக்கரி தேடிப் போனார்.

திரும்பும் வழியில், பூங்காவுக்கு வெளியே, ஒரு கல் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவரும் மாமாவும் அரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் டெக்சாஸ் ஆங்கிலம், ஒருவர் சேலத்து ஆங்கிலம். கனிமப் பெயர்கள் மட்டும் பொது. ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்ட ஒரு சின்னச் சிப்பிப் புதைபடிவத்தை மாமா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். டெல் ரியோ களிமண்ணின் அடையாளச் சிப்பி அது. "அரியலூர்ப் பக்கம் காரை களிமண்ணும் ஏறக்குறைய இதே வயசுதான். அது கிழக்குக் கடல், இது மேற்குக் கடல்" என்றார். காரையில் பாதரசம் கிடைக்குமா என்று கேட்டேன். "அடியில் சூடு வேணுமே, மாப்பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமக் கட்டி ஒன்று வாங்கினோம். டெர்லிங்குவா கால்சைட் சேகரிப்பாளர்கள் நடுவே பிரசித்தம். அறைக்கு வந்து விளக்கை அணைத்து, கடையில் இரவல் வாங்கிய புற ஊதா டார்ச்சை அடித்தோம். நெடும் அலையில் இளஞ்சிவப்பு; குறும் அலையில் நீலம். டார்ச்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிர்ந்தது. மாமா திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூங்கிவிட்டேன்.

ஞாயிறு

இந்தப் பயணமே இன்றைய நாளுக்காகத்தான். டெர்லிங்குவா பெரிய இடம், எல்லாரும் போகிறார்கள். மரிஸ்கால் சின்னது. பிக் பெண்ட் பூங்காவின் தென்கோடியில், ஆறு வளைந்து திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஆளரவமற்ற மலை நுனியில் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற, அடித்தளம் உயர்ந்த வண்டி இல்லாமல் போகக் கூடாது. ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். பாந்தர் ஜங்ஷனில் வனக்காவலரிடம் பாதையின் நிலைமையைக் கேட்டுக்கொண்டோம். மழை பெய்தால் போகாதே, தண்ணீர் நிறைய வைத்துக்கொள், போன் எடுக்காது. இவ்வளவுதான் அவர் சொன்னது. போகிற வழியில் மூன்றும் உண்மை என்று தெரிந்தது.

தார்ச்சாலையை விட்டு கிளென் ஸ்பிரிங்ஸ் மண்பாதையில் இறங்கியதும் வேகம் பத்து மைலுக்கு வந்துவிட்டது. கிளென் ஸ்பிரிங்ஸில் இப்போது ஒரு ஊற்றும் சில அடித்தளங்களும் மட்டும். நூறு வருடத்துக்கு முன் இங்கே கான்டெலியா என்ற பாலைச் செடியை வேகவைத்து மெழுகு எடுக்கும் ஆலை ஓடியது. நடத்தியவர் எல்லிஸ். 1916 மே 5 இரவு மெக்சிகோவிலிருந்து வந்த கூட்டம் ஒன்று இந்தக் குடியிருப்பைத் தாக்கியது. மூன்று ராணுவ வீரர்களும் ஒரு சிறுவனும் கொல்லப்பட்டார்கள். எல்லிஸும் மனைவியும் இருட்டில் நடந்தே தப்பித்தார்கள். எல்லிஸ் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. மரிஸ்கால் சுரங்கத்தை வாங்கி நடத்தியவர் அதே ஆள்.

பாதை இன்னும் மோசமாகி, மலையடியில் முடிந்தது. முதலில் தெரிவது தொழிலாளர் வீடுகள்: பலகைச் சுண்ணாம்புக்கல்லை மண்ணில் அடுக்கிக் கட்டியவை, இடுப்பளவு சுவர்களாக. மேலே ஏறினால் கம்பெனிக் கட்டடம், காங்கிரீட் தொட்டிகள், தாது கொட்டும் சரிவு. அதற்கும் மேலே உலையும், வரிசையாகக் குளிரறைகளும். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிகளின் வாய்களில் எல்லாம் இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். ஆள் விழாமலும், வௌவால் போய்வரவும். உலைச் செங்கல்லைத் தொடாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. செங்கல்லின் துளைகளில் பாதரசச் சேர்மங்கள் இன்னும் ஊறிக் கிடக்கின்றன. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே சுற்றினார், கோயிலில் பிரகாரம் வருகிற தோரணையில்.

இங்கே பாறை அமைப்பு எளிது. மரிஸ்கால் மலை முழுவதும் ஒரு மேல்நோக்கிய வளைவு. படிவங்கள் இரண்டு பக்கமும் சரிகின்றன. வட நுனியில், பொக்கீயஸ் பலகைக் கற்களுக்கு நடுவே கருத்த தீப்பாறை ஒன்று படுகிடையாக நுழைந்து உறைந்திருக்கிறது. நுழைந்த சூட்டில் ஓரத்துச் சுண்ணாம்புக்கல் வெந்து கெட்டியாகி, பிறகு விரிசல் விட்டது. அந்த விரிசல்களில் கால்சைட்டும் அதோடு தாதுவும். தாது ஒரே கிடையாக இல்லாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறி நிற்பதால், ஒரு குழி நல்ல லாபம் தந்தால் அடுத்தது கையைக் கடிக்கும். மலைச்சரிவில் இத்தனை குழிகள் இருப்பதே அதற்குச் சாட்சி.

கழிவுக் குவியலின் ஓரத்தில் மாமா குனிந்து நின்றுவிட்டார். வெள்ளைக் கால்சைட்டில் நகக்கண் அளவு சிவப்பு. லென்ஸை எடுத்துத் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். கை வைக்கவில்லை. பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதும் ஒரு காரணம். "இதாங்க மாப்பிள்ளை" என்றார். அவர் மூட்டு வலியோடு எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தேன், வெயிலில் சிவப்பு சரியாக விழவில்லை.

நிழலில் உட்கார்ந்து புளியோதரையின் மிச்சத்தைச் சாப்பிட்டபடி (மூன்று நாள் ஐஸ்பெட்டியில் இருந்தும் கெடவில்லை, அத்தைக்கு நன்றி) இந்தச் சுரங்கத்தின் வரலாற்றைப் பேசினோம். எனக்கு இந்தக் கதையில் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: இந்த மலையில் தாது எவ்வளவு இருந்தது என்பதைவிட, ஐரோப்பாவில் எவ்வளவு தோட்டா சுட்டார்கள் என்பதுதான் மரிஸ்காலின் விதியை எழுதியது.

1900-இல் மார்ட்டின் சோலிஸ் என்பவர் இங்கே சிவப்புக் கல்லைக் கண்டார். பொக்கீயஸ் என்ற ஊரின் எல்லைச் சாவடியில் இருந்த எட் லிண்ட்சே என்ற அதிகாரி உரிமை பதிந்து தோண்டினார். இங்கே உலை இல்லை. தாதுவைக் கழுதை முதுகில் டெர்லிங்குவா வரை சுமந்தார்கள். நாங்கள் ஜீப்பில் எலும்பு கழலக் கடந்த வழிகளில், கல் சுமந்த கழுதைகள். உரிமைத் தகராறில் லிண்ட்சேயின் காலம் முடிந்தது. அடுத்து ஒரு கம்பெனி வந்து போனது.

1914-இல் முதல் உலகப் போர். தோட்டாவின் அடியில் சுத்தி பட்டதும் பற்றிக்கொள்கிற மருந்து அப்போது பாதரச ஃபல்மினேட். தோட்டா, குண்டு, வெடிமருந்துத் திரி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். போருக்கு முன் ஒரு குடுவை (76 பவுண்டு) 50 டாலர் வாக்கில் விற்ற பாதரசம், 1916-இல் 100 டாலரைத் தாண்டியது. எல்லிஸ் வந்தது சரியாக அந்த நேரத்தில். அவர் பெரிய உலை கட்டவில்லை. வாலை என்கிற சிறு வடிகலனை வைத்து, பொறுக்கி எடுத்த நல்ல தாதுவை மட்டும் வடித்தார். 1917-லிருந்து 1919 வரை ஏறக்குறைய 900 குடுவை அனுப்பினார். போர் முடிந்தது, 1919-இல் சுரங்கத்தை விற்றுவிட்டார்.

வாங்கியவர் வில்லியம் பர்ச்சம், சுரங்கப் பொறியாளர். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த உலையும் குளிரறைகளும் அவர் கட்டியவை. அது ஸ்காட் உலை என்ற வகை. அந்த வகை கலிஃபோர்னியாவின் நியூ அல்மாடன் சுரங்கத்தில் 1870-களில் உருவானது. மேலே தாதுவைக் கொட்டினால், உள்ளே சரிவாக மாற்றி மாற்றிப் பதித்த சுட்ட ஓடுகள் மேல் அது மெல்ல வழுக்கி இறங்கும். அடுப்புச் சூட்டில் கந்தகம் எரிந்து பிரியும், பாதரசம் ஆவியாகும். ஆவி அடுத்தடுத்த அறைகளில் நுழைந்து ஆறித் துளியாகி அடியில் வடியும். ஒரு பகுதி புகைக்கரியோடு கலந்து நிற்கும். சுண்ணாம்பு தூவி மண்வெட்டியால் புரட்டிப் பிரிப்பார்கள். நூறு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ கிடைத்தாலே நல்ல தாது. இடைவிடாமல் ஓட்டினால்தான் இப்படிப்பட்ட உலை கட்டுபடியாகும்.

பர்ச்சம் முதலைப் போட்டது விலை சரிந்தபோது. 1921-இல் குடுவை மறுபடி 50 டாலருக்கும் கீழே. ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மலிவான பாதரசம் வந்து இறங்கியது. 1923-இல் மரிஸ்கால் மைனிங் கம்பெனி மூடிக்கொண்டது. உலைக்கு இன்னும் வயதாகவில்லை.

இதில் மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். பர்ச்சம் ஏமாளி என்பது என் கட்சி. போர் முடிந்தால் விலை விழும் என்பது எல்லிஸுக்குத் தெரிந்திருக்கிறது, வாங்கியவருக்குத் தெரியவில்லையா? மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "உலை இல்லாம இந்தத் தாதுவை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எல்லிஸ் நல்லதைப் பொறுக்கி எடுத்துட்டுப் போயிட்டாரு. மிச்சம் இருந்தது மட்டமான கல்லு. அதுக்கு அளவுதான் வழி. இஞ்சினியரா அவர் பண்ணது சரி." அவர் பேச்சில் தொழில் பாசம் தெரிந்தது. ஆனாலும் சொன்னதில் பொருள் இருக்கிறது. பர்ச்சம் மறுபடி வந்தார் என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் விலை 190 டாலரைத் தொட்டதும், 1942-இல் விவியானா மைனிங் கம்பெனி என்று புதுப் பெயரில் அதே மலைக்குத் திரும்பினார். போர் முடிவதற்கு முன்பே அதுவும் நின்றுபோனது. 1944-இல் சுற்றிலும் தேசியப் பூங்கா வந்துவிட்டது. பெர்ரியின் சிசோஸ் கம்பெனி கதையும் அதே வருடங்களில் முடிந்தது. விலை உச்சத்தில் இருந்த 1942 அக்டோபரில் அது திவாலானது. நல்ல தாது அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. பெர்ரி 1944-இல் இறந்தார்.

1900 முதல் 1943 வரை மரிஸ்கால் தந்தது மொத்தம் சுமார் 1,400 குடுவை. ஒரு குடுவை 76 பவுண்டு, அதாவது முப்பத்து நாலரை கிலோ. மாமா டைரியில் கணக்குப் போட்டார்: 48 டன் சொச்சம். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால், கொள்ளளவில் 3,500 லிட்டர் வாக்கில் வரும். டெர்லிங்குவா வட்டாரம் முழுவதும் சேர்ந்து தந்தது 1,50,000 குடுவை அளவுக்கு. அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை இந்த மலை. அதற்காகத் தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினோம்.

இருட்டுவதற்குள் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட, மாமா தீப்பாறை ஓரத்தில் இன்னொரு முறை நின்றார். சுண்ணாம்புக்கல் எந்த இடம் வரை வெந்திருக்கிறது என்று காலடியால் அளந்து டைரியில் குறித்துக்கொண்டார். யாருக்காக என்று தெரியவில்லை.

திங்கள்

ஆஸ்டினுக்குத் திரும்பினோம். மாமா பாதி வழி தூங்கினார். மீதி வழி பர்ச்சமுக்காக வாதாடினார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மே, ஜூன் மாதங்களில் ஆற்றங்கரைப் பக்கம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மரிஸ்கால் பாதையில் நிழலே இல்லை. ஸ்டூடி பியூட், பாந்தர் ஜங்ஷன் இரண்டு இடத்திலும் பெட்ரோல் கிடைக்கும். டெர்லிங்குவாவில் பல நிலங்கள் தனியாருக்குச் சொந்தம், வேலி தாண்ட வேண்டாம். மரிஸ்காலுக்குப் போகவரக் கிளென் ஸ்பிரிங்ஸ் வழியாக ஒரு முழுப் பகல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால், உலைப் பக்கம் அவர்கள் கையை நீங்கள் பிடித்துக்கொள்வது நல்லது. செங்கல் துண்டுகள் தரையெங்கும் கிடக்கின்றன.